கடல் எங்கை போகப்போகுது

"கடல் எங்கை போகப்போகுது?" என்று கேட்டது ஸ்ரீஸ்கந்தராசாதான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை. கனடாவில், மல்வேர்ன் வீட்டு முன்னறையில், போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, மனுசி யோகராணி பக்கத்தில் சாட்சியாக இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கக் கேட்டார்.

மறுமுனையில் ஹொலன்டில் இருந்த தம்பி மகள் நிலாணி, "பெரியப்பா, நேரம் வைக்க முதல் என்னட்டையும் ஒருக்காக் கேளுங்கோ. இஞ்சத்தைக் கடல் ஒரு மாதிரி..." என்று தொடங்கியிருந்தாள்.

"கடல் எங்கை பிள்ளை போகப்போகுது? அது அங்கைதான் நிக்கும். நேரம்தான் ஓடும். நேரத்தை நான் பாக்கிறன்."

அவர் பார்த்துக் கொடுக்காத நேரம் சொந்தத்துக்குள் கிடையாது. நோர்வேயில் ஒருத்தி புதுவீட்டில் பால் காய்ச்சினாலும், சிட்னியில் ஒரு குழந்தைக்குக் காது குத்தினாலும், அந்தந்த ஊரில் மணி என்ன என்று பார்த்து, இராகு காலத்தைக் கழித்து, நல்ல நேரம் மல்வேர்னில் இருந்துதான் போகும். காசு வாங்கமாட்டார். மரியாதை மட்டும் கொஞ்சம் வாங்குவார். கார்ச் சாமான் பக்ரரியில் காலம் முழுக்க இன்னொருவன் போட்ட ஷிப்ற்றில் வேலை செய்த மனுசனுக்கு, மற்றவர்களுக்கு நேரம் போட்டுக் கொடுப்பதில் ஒரு சுகம் இருந்திருக்க வேண்டும்.

இந்தமுறை நேரம் பார்த்தது தம்பி கிருபனின் சாம்பலுக்கு.

கிருபன் போய் ஒரு மாதம். துலிப் கிழங்கு உரிக்கிற கொம்பனியில் வேலை முடிந்து வந்து படுத்தவன் எழும்பவில்லை. பெண்சாதி அவனுக்கு முன்னமே போய்விட்டாள். மிச்சம் இருந்தது மகள் நிலாணி மட்டும். செத்தவீட்டுக்கு ஸ்ரீஸ்கந்தராசா போகவில்லை. "நான் போய் இறங்க எரிச்சு முடிஞ்சிடும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஆறுதலாப் போறன்," என்றார். ரிக்கெற்றும் எடுத்தார். வெளிக்கிட இருந்த கிழமை, காலையில் முகம் கழுவிக்கொண்டு நிற்கும்போது வலது கண்ணுக்குள் கறுப்புத் திரை ஒன்று ஏறியது. விழித்திரை கழன்றுவிட்டதாம். ஒப்பரேசன் செய்து, ஒட்டினது அசையாமல் இருக்கக் கண்ணுக்குள் காஸ் அடித்துவிட்டார்கள். காஸ் இருக்கும்வரை பிளேன் ஏறக்கூடாது. மேலே போனால் காஸ் ஊதும், கண் போய்விடும். அதோடு விட்டார்களா? அந்தக் காஸ் மேலே மிதந்து விழித்திரையை அமத்திப் பிடிக்க வேண்டுமானால் ஆள் முகம் குப்புறவே இருக்க வேண்டுமாம்.

அதற்கென்றே ஒரு கதிரை வாடகைக்கு வந்தது. நெஞ்சைச் சாய்த்து, முகத்தை வட்டத் தலையணைக்குள் புதைத்து, நடு ஓட்டையால் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற கதிரை. ஓட்டைக்கு நேர் கீழே யோகராணி பால்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஐபாட்டை வைத்தாள். தூரத்தில் நின்று பார்த்தால், ஒரு மனுசன் கிணற்றுக்குள் எதையோ விழுத்திவிட்டு எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

தம்பி செத்த செய்தி வந்த நாளில் இருந்து அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட உதடு மாதிரி. உதடு இருக்கிறது, தொட்டால் தடிப்பாக இருக்கிறது, கடித்தால் நோகாது. விறைப்பு விட்டாப் பிறகு நோகும், பயப்படாதையுங்கோ என்று டென்ரிஸ்ற் சொல்கிற மாதிரி எல்லாரும் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். விடவில்லை. ஆகவே ஸ்ரீஸ்கந்தராசா ஒன்றைப் பிடித்துக்கொண்டார். சாம்பல் கடலில் கரைவதைத் தன்னுடைய கண்ணால், சுகமாக இருக்கிற மற்றக் கண்ணால், பார்க்க வேண்டும். அதுவும் தான் வைத்த நேரத்தில். தமையன் என்று தம்பிக்குச் செய்ய அவரிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மல்வேர்னில் ஈரப்பனி தூறியது. ஏப்ரல் மாதத்துப் பனி. விழும்போதே தண்ணீராகி, பார்க்கிங்கில் கறுப்பாகக் கிடந்த பழைய பனிக்குவியலை இன்னும் கறுப்பாக்கியது. யோகராணி விடிய முன்னமே தலை முழுகிச் சமைத்து முடித்திருந்தாள். கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், முருங்கையிலை வறை, பருப்பு, உளுந்து வடை, பாயாசம். கிருபனுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தாயிற்று. அவனுக்கு ஆகப் பிடித்தது நண்டுக்கறி. அது இன்றைக்குச் சரிவராது என்று விட்டுவிட்டாள். கரைத்து முடிய, படைத்து, பிறகு சாப்பாடு.

ஏழு மணிக்கு அழைப்பு வந்தது. ஹொலன்டில் பகல் ஒரு மணி. திரையில் மூன்று பெட்டிகள். ஒன்றில் குருக்கள்; பக்கத்து மார்க்கம் நகரில் இன்னொரு அந்தியேட்டி இருந்தபடியால் பிளாசா ஒன்றின் முன்னால் காரை நிறுத்திவிட்டு, ஸ்ரியறிங்குக்கு மேலே பஞ்சபாத்திரத்தை வைத்துக்கொண்டு இருந்தார். ஹொலன்டிலேயே குருக்கள் இருக்கிறார் என்று நிலாணி சொல்லிப் பார்த்தாள்தான். அவருக்கு அனுபவம் காணாது என்று ஸ்ரீஸ்கந்தராசா இவரை ஒழுங்கு செய்திருந்தார். இரண்டாவது பெட்டியில் நிலாணி, காற்றில் தலைமயிர் பறக்க. மூன்றாவதில் ஸ்ரீஸ்கந்தராசா. கன்னமும் கீழுதடும் தொங்க, ஆகாயத்தில் இருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

"பெரியப்பா, நீங்கள் சாமி மாதிரி இருக்கிறீங்கள்," என்றாள் நிலாணி.

"என்ன சாமி?"

"மேலை இருந்து பாத்துக்கொண்டு ஒண்டும் செய்யாத சாமி."

"சரி, சரி. நேரம் போகுது. கடலைக் காட்டு பிள்ளை."

"காட்டுறன். ஆனா கடல் இல்லை."

கமராவைத் திருப்பினாள். புல் மூடிய ஒரு நீளமான அணைக்கட்டு, அதில் செம்மறி ஆடுகள், அணைக்கட்டின் அடியில் கல்லு. கல்லுக்கு அப்பால் சேறு. சாம்பலும் மண்ணிறமும் கலந்து, அங்கங்கே வெயில் பட்டு ஈயம் மாதிரி மினுங்கிக்கொண்டு, வானம் வந்து தொடுகிற இடம் வரைக்கும் சேறு.

ஸ்ரீஸ்கந்தராசா நல்ல கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கடல் எங்கை?"

"போட்டுது பெரியப்பா."

"எங்கை போட்டுது?"

"வத்து. தண்ணி அங்காலை, கனதூரத்திலை நிக்குது. அண்டைக்கு உதைத்தான் சொல்ல வெளிக்கிட்டனான். 'கடல் எங்கை போகப்போகுது' எண்டனீங்கள். உங்கை பாருங்கோ, போயிருக்கு."

குருக்கள் தொண்டையைச் செருமினார். "ஸ்ரீ அண்ணை, கடல் இல்லாமல் என்னெண்டு கரைக்கிறது?"

"நீங்கள் மந்திரத்தைத் தொடங்குங்கோ ஐயா. வரும்."

"நான் மந்திரம் சொல்லக் கடல் வாறதெண்டா, நான் ஏன் அண்ணை இந்தப் பனிக்குள்ளை காருக்கை இருக்கிறன்?"

நிலாணிக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. "நிலாணி, உன்ரை பெரியப்பாவிட்டை ஒருக்காக் கேள். அவற்றை பஞ்சாங்கத்திலை இண்டைக்குக் கடலுக்கு லீவெண்டு போடேல்லையாமோ?"

அது சந்திரவதனா, கடைசித் தங்கச்சி. ஜேர்மனியில் இருந்து விடியக் கார் பிடித்து வந்திருந்தாள். அவளும் ஸ்ரீஸ்கந்தராசாவும் நேரே கதைத்துப் பல வருடம். ஊர்க்காணியைப் பிரித்தபோது பங்குக் கிணறு ஆருடைய எல்லைக்குள் வருகிறது என்று தொடங்கி, வழக்காகிக் கோடு வரைக்கும் போய், கடைசியில் அந்தக் கிணற்றில் அள்ளிக் குடிக்க இரண்டு பேரில் ஒருவர்கூட அந்த நாட்டில் இல்லை. அதன் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் கிருபன்தான் போனாக இருந்தான். இப்போது போன் கைமாறி நிலாணியிடம் வந்திருந்தது.

"நிலாணி, உன்ரை மாமியிட்டைச் சொல்லு, பகிடிக்கு இது நேரமில்லை எண்டு," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "பிள்ளை, தண்ணி நிக்கிற இடம் மட்டும் நடந்து போய்க் கரைக்கேலாதோ?"

"ஏலாது. மாமி முழங்கால் மட்டும் புதைவா. அதோடை உங்கை பாருங்கோ, குருவியள் சாப்பிடுகினம். இப்ப நாங்கள் உதுக்குள்ளை போனா எல்லாம் எழும்பிப் போயிடும்."

"குருவி சாப்பிடுதெண்டு என்ரை தம்பி காத்துக்கொண்டு இருக்கிறதோ?"

"ஓம் பெரியப்பா," என்றாள் நிலாணி, சாதாரணமாக. "அப்பா எப்பவும் அப்பிடித்தான் இருக்கிறவர்."

குருக்கள் இடையில் புகுந்து ஒரு யோசனை சொன்னார். "ஒரு வாளியிலை தண்ணி எடுத்து வையுங்கோ. அதைச் சமுத்திரமாப் பாவிச்சு நான் சங்கற்பம் பண்ணித் தாறன். நேரமும் தப்பாது."

"வாளிக்கையோ! என்ரை தம்பியை வாளிக்கை கரைக்கவோ!" என்று ஸ்ரீஸ்கந்தராசா தலையைத் தூக்கப் பார்த்தார்.

"தலையைத் தூக்காதையுங்கோ!" என்று யோகராணி அடுப்படியில் இருந்து பாய்ந்து வந்து பிடரியில் கை வைத்து அமத்தினாள். "கண் போனாப் பிறகு கடலையும் பாக்கேலாது, என்னையும் பாக்கேலாது."

கடைசியில் ஒருமாதிரி இணக்கம் வந்தது. குறித்த நேரத்துக்குள் குருக்கள் மந்திரத்தைச் சொல்லி முடித்தார். அணைக்கட்டுப் புல்லில் இருந்துகொண்டு நிலாணி அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். சாம்பல் இருந்த பெட்டி அவளுடைய மடியில் இருந்தது. "என்ரை பங்கு நேரத்துக்கு முடிஞ்சுது அண்ணை. மிச்சத்தை நீங்கள் கடலோடை பேசித் தீருங்கோ," என்று சொல்லிவிட்டு மார்க்கத்துக்குக் காரை எடுத்தார் குருக்கள். திரையில் ஒரு பெட்டி குறைந்தது.

"தண்ணி எத்தினைக்குப் பிள்ளை வரும்?" யோகராணிதான் கேட்டாள். சாப்பாட்டுக்கணக்குப் பார்க்கிறவள் அவள்.

"எங்கடை நேரம் அஞ்சுக்குக் கிட்டக் கரைக்கு வரும் பெரியம்மா."

ஸ்ரீஸ்கந்தராசா மனதுக்குள் கணக்குப் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலரையில் இருந்து ஆறு. "இராகு காலம்," என்றார்.

"கடலுக்கு உது தெரியாது பெரியப்பா."

"நாளைக்குச் செய்யுங்கோவன்."

"நாளைக்கு மாமிக்கும் வேலை, எனக்கும் வேலை. இண்டைக்குத்தான் செய்யோணும் எண்டு அண்டைக்குச் சொன்னது ஆர்?"

"அப்ப நான் பாக்கமாட்டன்."

"சரி பெரியப்பா. வைக்கவோ?"

மேல்வீட்டுப் பெடியன் படியில் தடதடவென்று இறங்கிப் போனான். ஸ்ரீஸ்கந்தராசா ஓட்டைக்குள்ளால் சேற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"வையாதை," என்றார்.

காத்திருப்பதென்றால் ஆட்கள் நிமிர்ந்து இருந்தாவது காத்திருப்பார்கள். யோகராணி பிளேன்ரீயை ஆற்றி, ஸ்ரோ போட்டு, கதிரைக்குக் கீழே கையை விட்டு நீட்டினாள். அவர் மாட்டுக்கன்று மாதிரி உறிஞ்சினார். கண்ணுக்கு மருந்து விட்டாள். வடை ஆறியது. பால்கறி மேலே ஆடை கட்டியது. படைக்க முதல் வாயில் வைக்கக் கூடாதென்றபடியால் வாசம் மட்டும் வீட்டுக்குள் சுற்றித் திரிந்தது.

"இஞ்சேருங்கோ, பசிக்குதோ?"

"தெரியேல்லை."

"பசிக்குதோ இல்லையோ எண்டும் தெரியாதோ?"

"தெரியேல்லையப்பா. எல்லாம் ஒரே மாதிரித்தான் கிடக்கு."

யோகராணி அவருடைய பிடரியை ஒருக்கால் தடவிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அங்கே நிலாணி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கல்லுக்குக் கீழே, கரையோடு ஒட்டினமாதிரி இறங்கியிருந்தாள். "பெரியப்பா, சும்மாதானே கிடக்கிறீங்கள். உதைப் பாருங்கோ." கமரா சேற்றுக்குக் கிட்டப் போனது. சேற்றின் மேலே சின்னச் சின்னச் சுருள்கள், எண்ணுக்கணக்கில்லாமல்.

"என்னது, இடியப்பமே?"

"அப்பாவும் உதைத்தான் சொல்லுறவர்! புழு. கீழை இருந்து சேத்தைத் திண்டிட்டு மேலை பிழிஞ்சு விடும். அப்பா இதுக்கு இடியப்பச் சேறு எண்டுதான் பேர் வைச்சவர். இப்ப எங்கடை ஹொலன்ட்காரரும் இடியப்பம் எண்டுதான் சொல்லுறவை. உங்கை, சத்தம் கேக்குதோ?"

போனைச் சேற்றுக்குப் பக்கத்தில் பிடித்தாள். சொரசொர என்று, தூரத்தில் ஆரோ அப்பளம் பொரிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதுவும் ஏதோ பூச்சியாம். அந்தச் சேற்றில் உயிர் இல்லாத இடம் உள்ளங்கையளவும் இல்லையாம்.

"எங்கடை ஊர் அராலியிலை இல்லாத சேறே?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "அங்கை சேத்துக்கை இறங்கினா அம்மா பூவரசந்தடி முறிப்பா. இவன் அதைவிட்டு ஓடிப்போய் அங்கையும் சேத்துக்கைதான் நிண்டிருக்கிறான்."

"அங்கை பாருங்கோ." கமரா நிமிர்ந்தது. தூரத்தில் சேறே துள்ளி எழும்பினமாதிரி ஒரு குருவிக்கூட்டம் எழும்பி, ஒருபக்கம் திரும்ப வெள்ளையாகி, மற்றப் பக்கம் திரும்பக் கறுத்து, திரும்பவும் சேற்றில் இறங்கி இல்லாமல் போனது. "உது உள்ளான் சாதி. அடுத்த மாதம் உதிலை கனபேர் உங்கடை கனடாவுக்கு வெளிக்கிடுவினம்."

"கனடாவுக்கோ? இஞ்சை நான் ஒண்டையும் காணேல்லை."

"மல்வேர்னுக்கு வராது பெரியப்பா. மேலை, வடக்காலை, ஐஸ் இருக்கிற இடம். அங்கை போய்த்தான் குஞ்சு பொரிக்கும். பறக்க முதல் இஞ்சை நிண்டு திண்டு நல்லாக் கொழுக்கோணும். தண்ணி வத்தியிருக்கிற நேரம்தான் சாப்பாடு. தண்ணி வந்தாக் கடை பூட்டு. அதுதான் உள்ளை போகாதையுங்கோ எண்டது."

"விசா கேக்கிறேல்லையோ?"

"இல்லை. அப்பாவும் உதைத்தான் கேப்பார்."

சொல்லிவிட்டு நிலாணி சேற்றுக் காலோடு கல்லில் ஏறி இருந்தாள். பிறகு, "பெரியப்பா, அப்பா உங்களுக்கு உந்தச் சேத்து வீடியோ எல்லாம் அனுப்புறவர் எல்லோ?" என்றாள்.

"ஓம். லீவு நாளெண்டா வந்துடும்."

"நீங்கள் பாக்கிறனீங்களோ?"

ஸ்ரீஸ்கந்தராசா பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல. ஆனால் குப்புறக் கிடந்துகொண்டு பொய் சொல்வது வலு கஷ்டம். முகத்தைத் திருப்ப இடம் இல்லை. "கை காட்டுறனான்," என்றார்.

"பெருவிரல்."

"ஓம். பெருவிரல்."

"அப்பாக்குத் தெரியும்," என்று நிலாணி சிரித்தாள். "ஒருக்கா அவர் போனை ஜக்கெற் பொக்கெற்றுக்கை வைச்சுக்கொண்டு வீடியோ எடுத்தவர். ஒண்டுமில்லை, முழுக்கக் கறுப்பு. உங்களுக்கு அனுப்பினவர். அதுக்கும் பெருவிரல் போட்டனீங்கள்."

அடுப்படியில் யோகராணி கரண்டியை வைக்கிற சத்தம் கேட்டது.

"கோவிச்சவனோ?"

"கோவமோ! விழுந்து விழுந்து சிரிச்சவர். பிறகு கூட்டத்துக்கு ஜேர்மன்காரர் வந்தாலும் காட்டுவார், டென்மார்க்காரர் வந்தாலும் காட்டுவார். 'கனடாவிலை இருக்கிற என்ரை அண்ணைக்கு இதுதான் ஆகப் பிடிச்ச வீடியோ' எண்டு."

இந்த இடத்தில் நோகவேண்டும் என்று ஸ்ரீஸ்கந்தராசாவுக்குத் தெரிந்தது. காத்திருந்தார். உதட்டை உண்மையாகவே கடித்தும் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஆகவே வேறு ஒன்றைக் கேட்டார்.

"சேத்துக்கு என்ன பிள்ளை கூட்டம்?"

"உந்தச் சேறு ஹொலன்டிலை தொடங்கி, ஜேர்மனி முழுக்கப் போய், டென்மார்க்கிலைதான் முடியுது. மூண்டு நாடும் சேந்துதான் பாக்கினம். சனம் எந்தப் பக்கம் நடக்கலாம், ஆர் எங்கை வலை போடலாம், குருவி கூடினதோ குறைஞ்சதோ, எல்லாம் இருந்து கதைப்பினம். அப்பா குருவி எண்ணுற ஆளெண்டு போறவர்."

"சண்டை வாறேல்லையோ?"

"வரும். நல்லா வரும். பிறகு கோப்பி குடிச்சிட்டுத் திருப்பி இருப்பினம்." நிலாணி கொஞ்சம் இழுத்தாள். "அப்பா சொல்லுறவர்... கோவிக்காதையுங்கோ. 'மூண்டு நாடு சேந்து ஒரு சேத்தைக் காக்குது. எங்கடை வீட்டிலை ரெண்டு பேரால ஒரு கிணத்தைக் காக்கேலாமல் போச்சு' எண்டு."

அணைக்கட்டின் மேலே இருந்து சந்திரவதனாவின் குரல் வந்தது. "முதல் கோடேறினது ஆரெண்டும் சொல்லச் சொல்லு."

"நிலாணி, உன்ரை மாமியிட்டைச் சொல்லு, அந்தக் கிணத்துத் தண்ணி இப்ப உப்பாம் எண்டு."

"அது எனக்குத் தெரியுமெண்டு சொல்லு."

நிலாணி இரண்டையும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் கேட்டிருந்தது.

அடுத்து வந்தது பூப் பிரச்சினை. சந்திரவதனா ஜேர்மனியில் இருந்து மூன்று பை நிறைய ரோசாப்பூ கொண்டு வந்திருந்தாள். சாம்பலைத் தவிர ஓர் இதழ்கூடப் போடக்கூடாது, அனுமதி அப்படித்தான் என்று நிலாணி சொன்னாள். தேங்காயும் இல்லை, துணியும் இல்லை, பாலும் இல்லை. "பூவில்லாமல் அனுப்புறது பிச்சைக்காரனை அனுப்புற மாதிரி" என்று சந்திரவதனாவும், அதிசயமாக அதே நேரத்தில் அதே வசனத்தை ஸ்ரீஸ்கந்தராசாவும் சொன்னார்கள். நிலாணி அசையவில்லை. அப்பா ஒவ்வொரு சனியும் இதே கரையில்தான் ஆட்கள் விட்டுப்போனதைப் பொறுக்கிச் சாக்கில் கட்டினவர், அவருக்கே குப்பை போட ஏலாது என்றாள். வாக்குவாதம் முற்றி, சந்திரவதனா மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தபோது இரண்டு பை வெறுமையாகக் கிடந்தது. மூன்றாவது பைக்குள் ஒரு செம்மறி தலையை விட்டிருந்தது.

"ஐயோ, என்ரை பூ! அடி, கலை உதை! சூ! சூ!"

கமரா ஆடியது. வானம், புல், சந்திரவதனாவின் கறுப்புக் கோட், ரோசா இதழ் ஒட்டிய செம்மறி வாய். நிலாணி சிரித்த சிரிப்பில் போன் கையில் நிற்கவில்லை. யோகராணி கதிரைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்தினாள். ஸ்ரீஸ்கந்தராசாவின் தோள் இரண்டும் குலுங்கின. சிரிப்புத்தான். சிரிப்பும் யாரோ மற்றவன் சிரிக்கிற மாதிரித்தான் இருந்தது. என்றாலும் குலுங்கினது குலுங்கினதுதான்.

பிறகு எல்லாரும் அலுத்துப் போனார்கள். நிலாணி புல்லில் சாய்ந்து இருந்தாள். பெட்டி மடியில். போன் ஒரு பைமேல் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. திரையில் சேறு, சேறு, சேறு. ஒன்றும் நடக்கவில்லை. ஸ்ரீஸ்கந்தராசா வாழ்க்கையில் ஒன்றுமே நடக்காத ஒன்றை இவ்வளவு நேரம் பார்த்தது இதுதான் முதல்தரம். ஒப்பரேசன் செய்த கண்ணுக்குள் காஸ் ஒரு பெரிய வட்டமாக மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் ஆடுவது கண்ணுக்குள்ளா, அங்கேயா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கண்ணை மூடினார்.

"பெரியண்ணை!"

திடுக்கிட்டு விழித்தார். தங்கச்சியின் குரல், நேரே அவருக்கு.

"பெரியண்ணை, தண்ணி வருது!"

அலை ஒன்றும் இல்லை. இரைச்சலும் இல்லை. சேற்றில் இருந்த வாய்க்கால் கோடுகள் ஒவ்வொன்றாக மினுங்கத் தொடங்கின. பிறகு கோடுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. ஆரோ மெல்லிய வெள்ளைத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வருகிற மாதிரித் தண்ணீர் வந்தது. குருவிகள் அதற்கு முன்னால் ஓடி ஓடிக் கடைசிக் கவளம் தின்றன.

"வந்திட்டுது எல்லோ?" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. ஆருக்கு என்று சொல்லாமல்.

இராகு காலம் நடுப்பாதியில் நின்றது. அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நிலாணி காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்தாள். போனைச் சந்திரவதனாவிடம் கொடுத்தாள். "மாமி, உதை வடிவாப் பிடியுங்கோ. பெரியப்பா பாக்கோணும்."

"எனக்குத் தெரியாதே? நீ போ."

சந்திரவதனா இரண்டு கையாலும் போனை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த பிடியில் பெருவிரல் எங்கேயோ பட்டது. கடல் போய், திரை முழுக்க அவளுடைய முகம் வந்தது.

கண்ணாடி இல்லாத முகம். மயிர் நரைத்து, முன்பக்கம் ஐதாகி, நாடியில் அம்மாவுக்கு இருந்த அதே குழி. காற்றுக்குக் கண்ணைச் சுருக்கி, போனுக்கு அங்கால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

வதனா, கமராவைத் திருப்படி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. ஸ்ரீஸ்கந்தராசா அந்த முகத்தைப் பார்த்தார். எப்போது இவள் இப்படிக் கிழவியானாள்?

"பிள்ளை இறங்கிட்டாள் பெரியண்ணை," என்றாள் சந்திரவதனா. "முழங்கால் மட்டும் தண்ணி... பெட்டியைத் திறக்கிறாள். தெரியுதோ?"

"ஓம்."

"குனிஞ்சு, மெள்ளமா விடுறாள். காத்துக்குப் பறக்காமல் தண்ணியோடை வைச்சு... ஐயோ, பெரியண்ணை... எங்கடை சின்னண்ணை... தெரியுதோ உங்களுக்கு? வடிவாத் தெரியுதோ?"

"தெரியுது, வதனா," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "வடிவாத் தெரியுது."

அவள் அழுதாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய நெற்றியின்மேல், ஐபாட் கண்ணாடியில், சொட்டென்று ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று.

யோகராணி குனிந்து சீலைத் தலைப்பால் துடைத்தாள். "அழுறியளோ?"

"இல்லையப்பா. குப்புறக் கிடந்தா மூக்காலை வடியும். டொக்ரரும் சொன்னவர்."

"ஓம், சொன்னவர்தான்," என்றாள் யோகராணி. டொக்ரர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நிலாணி நனைந்த காலோடு வந்து போனை வாங்கினாள். திரையைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. "பெரியப்பா, நீங்கள்..."

"பாத்தன் பிள்ளை. எல்லாம் பாத்தன். உன்ரை மாமி நல்லாப் பிடிச்சவள். போய்க் காலைத் துடை, குளிர் பிடிக்கப்போகுது."

யோகராணி கிருபனின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தாள். பிறகு, ஆறிப்போன சோற்றையும் ஆடை கட்டிய பால்கறியையும் குழைத்து, கதிரைக்குக் கீழே நிலத்தில் இருந்துகொண்டு, ஒவ்வொரு கவளமாக மேல்நோக்கி ஊட்டினாள். இரண்டாவது வடைக்கு அவர் வாயைத் திறந்தபோது, "அப்ப பசிச்சிருக்கு," என்றாள்.

"இருக்கும்போலைதான்."

பிறகு ஒரு கிழமையில் கதிரை திரும்பிப் போனது. கண்ணுக்குள் இருந்த காஸ் சுருங்கி, கீழே ஒரு சின்ன உருண்டையாக, அவர் நடக்க நடக்க உருண்டுகொண்டு திரிந்தது. பனி முழுக்கக் கரைந்து, பார்க்கிங் நிலம் வெளியே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை குடும்பக் குறூப்பில் நிலாணி ஒரு வீடியோ போட்டாள். எழுத்து ஒன்றும் இல்லை. சேறு. போட்ட உடனேயே நோர்வே பெருவிரல் போட்டது. சிட்னி கும்பிட்டது. ஸ்ரீஸ்கந்தராசாவின் பெருவிரலும் பழக்கத்தில் எழும்பிப் பாதியில் நின்றது.

கட்டிலில் இருந்து வீடியோவைத் திறந்தார். காற்றுச் சத்தம். இடியப்பச் சுருள்கள். தூரத்தில் ஒரு குருவி நடந்துபோய், குத்தி, இழுத்து, தின்றது. முடிந்தது. கிருபன் அனுப்பினதெல்லாம் இதேமாதிரித்தான் இருந்திருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. இன்னொருக்கால் போட்டுப் பார்த்தார். பிறகு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி எழுதினார்.

"தண்ணி எப்ப வரும்?"

பதில் உடனே வந்தது. வந்தது நிலாணியிடம் இருந்து அல்ல, ஜேர்மனியில் இருந்து.

"பின்னேரம் வரும் பெரியண்ணை. இராகு காலத்துக்கு முதல்."